காய்ச்சலே இல்லாத முதியவருக்கு செப்சிஸ்: எதை வைத்துச் சந்தேகிப்பது?

கேள்வி:
80 வயதைத் தாண்டியவரை "நேற்றிலிருந்து சாப்பிடலை, ஒரே தூக்கம்" என்று அவசரப் பிரிவுக்கு அழைத்து வருகிறார்கள். டெம்பரேச்சர் 37.4, பல்ஸ் 84, பி.பி. 112/60. எல்லாம் நார்மல் மாதிரிதான் தெரிகிறது. எப்போது செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) என்று எடுத்துக்கொள்வது? இதயம் பலவீனமானவருக்கும் கிலோவுக்கு 30 மி.லி. சலைன்தானா?

பதில் 1:
அந்த மூன்று எண்களும் நார்மல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வழக்கமாக 160 இருப்பவருக்கு 112 பெரிய சரிவு. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிட்டால் பல்ஸ் ஏறாது. வழக்கமான சூடு 36.2 என்றால் 37.4 காய்ச்சல்தான்.

நீங்கள் எழுதாமல் விட்டது மூச்சு. மானிட்டரை விட்டுவிட்டு, நெஞ்சைப் பார்த்து முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். நியூஸ்2-ல் (நோயாளி மோசமாகிறாரா என்று மதிப்பெண் போடும் அட்டவணை) மூச்சு நிமிடத்துக்கு 22 என்றால் 2 மதிப்பெண், புதுக் குழப்பத்துக்கு 3. ஆக 5, உடனே டாக்டர் பார்க்க வேண்டிய அளவு. குழப்பம் புதுசா பழசா என்பதைக் கூட வந்தவர்தான் சொல்ல முடியும்: "போன வாரம் எப்படிப் பேசினார்?" அதற்குள் விரல் நுனியில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் அமிலம்) நார்மல் என்பதால் செப்சிஸ் இல்லை என்றாகிவிடாது.

பதில் 2:
30 மி.லி. கணக்கு பி.பி. விழுந்தவருக்கும் லாக்டேட் 4-ஐத் தொட்டவருக்கும், அதுவும் முதல் 3 மணி நேரத்துக்குள். பலவீனமான இதயத்துக்கு அதை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். 15 நிமிடத்தில் ரிங்கர் லாக்டேட் (சலைன் போன்ற இன்னொரு டிரிப் திரவம்) 250 மி.லி.; பிறகு நுரையீரல் அடிப்பகுதியில் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள், விரல் நுனியை அழுத்திவிட்டு நிறம் திரும்பும் நேரத்தைப் பாருங்கள். முன்னேற்றம் இருந்தால் அடுத்த 250. சராசரி ரத்த அழுத்தம் (எம்.ஏ.பி.) 65 வரவில்லையா? சென்ட்ரல் லைனுக்கு (பெரிய சிரையில் போடும் குழாய்) காத்திருக்காமல் முழங்கை மடிப்புச் சிரையிலேயே நார்அட்ரினலின் (பி.பி.யை ஏற்றும் மருந்து) தொடங்கலாம்; ஊசி போட்ட இடம் வெளுக்கிறதா, வீங்குகிறதா என்று கண் வைத்திருங்கள்.

ஷாக் (பி.பி. விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) என்றால் 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், அதற்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை). கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ஏறும் கழிவு) ஏறியிருக்கிறது என்று முதல் டோஸைக் குறைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. முதல் டோஸ் முழுசாகப் போகட்டும், அடுத்ததிலிருந்து குறைக்கலாம்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். யூரின் ஸ்ட்ரிப் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை) பாசிட்டிவ் என்றதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். நெடுநாள் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) இருந்தால் சொல்லவே வேண்டாம். உடையைத் தளர்த்திப் புரட்டிப் பாருங்கள்: வால் எலும்புப் பக்கம் படுக்கைப்புண், குதிகால், கால்விரல் இடுக்கு, தொடை இடுக்கு. வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்துங்கள். பித்தப்பை சீழ் பிடித்தும் வலி சொல்லாதவர்கள் உண்டு. யூரின் கல்ச்சரைப் பழைய பையிலிருந்து எடுக்காதீர்கள், கதீட்டரை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுங்கள்.