1978 புல்லட் 350: ஸ்பார்க் மஞ்சளாக வருகிறது, சூடானால் நிற்கிறது

மணவாளக்குறிச்சி_350:
வணக்கம். பாட்டா ஓட்டிய புல்லட் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1978 மாடல், 6 வோல்ட், பாயிண்ட் செட் (கரண்டைச் சேர்த்துப் பிரித்துப் பொறி வரவைக்கும் முனைகள்) எல்லாம் பழையபடியே. ரொம்ப காலமாக வீட்டுச் சாய்ப்பில் நின்ற வண்டி. கடல் கூப்பிடு தூரம், அதனால் உப்புக்காற்று நிறையக் குடித்திருக்கிறது.

கார்புரேட்டரைக் கழுவி, புது பெட்ரோல், புது பேட்டரி போட்டாயிற்று. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து அடித்தால் நூல் மாதிரி மஞ்சள் பொறி. எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும், திங்கள்சந்தை எட்டுவதற்குள் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி பிடிக்கும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசில்லை. பாட்டா கையில் ஓடின மாதிரியே ஓட வேண்டும். மல்ட்டிமீட்டரும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் தகடுகள்) இருக்கின்றன. இக்னிஷனில் (பொறி வரவைக்கும் பகுதியில்) கைவைப்பது இதுதான் முதல் தடவை. எங்கிருந்து ஆரம்பிக்க?

கோட்டாறு வயரிங்:
தம்பி, பாயிண்ட் செட்டை விட்டுவிடாதீர்கள். பழுது எங்கே என்று அதுவே காட்டித்தரும். ஒரு காரியம் மட்டும் செய்ய வேண்டாம்: பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்ட் பிரியும்போது அங்கே பெரிதாகப் பொறி வெட்டாமல் தடுப்பது), காயில் (பேட்டரி வோல்ட்டைப் பிளக்குக்காக உயர்த்துவது), பிளக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்று தெரியாமலே போகும். புதிதாக வாங்கியதில் ஒன்று சொத்தையாக இருந்துவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

முதல் கருவி உங்கள் ஹெட்லைட் மேலேயே இருக்கிறது, கரண்ட் அளக்கும் அம்மீட்டர். லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் சேரும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், பிரியும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். நடுவிலேயே கிடந்தால் கரண்ட் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் முகம் அழுக்கு. மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் பிரியவில்லை, அல்லது அதற்கு வரும் வயரோ கண்டென்சரோ பாடியில் ஷார்ட். 6 வோல்ட் காயில் என்றால் முள் 3, 4 ஆம்பியர் வரை போகும். எவ்வளவு போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரியை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு. நம் கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு முதல் எதிரி இதுதான். பேட்டரி எர்த் வயர் ஃப்ரேமில் முறுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உரசி, முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

பாயிண்டுக்கு எமரித்தாள் போடாதீர்கள், அதன் பொடி முகத்தில் பதிந்து நிற்கும். பாயிண்ட் அரத்தால் லேசாக இரண்டு இழுப்பு, அப்புறம் பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவே வைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை இழுங்கள். பாயிண்டைத் தூக்கிப் பிரிக்கும் கேம் முழுதாகத் தூக்கியிருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.

சூடானால் நிற்பதற்கு என் சந்தேகம் கண்டென்சர் மேல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து இஞ்சினை ஓட விடுங்கள். பாயிண்டில் சின்ன நீலப் பொறி இருந்தால் பரவாயில்லை. பெரிதாகப் பளீரென்று வெட்டினால் கண்டென்சர் போச்சு.

முட்டம் ரைடர்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் பிளேட்டுக்குப் பின்னால் அட்வான்ஸ் வெயிட்டுகள் (வேகம் கூடும்போது பொறியை முந்தவைக்கும் எடைகள்) இருக்கும். ஸ்பிரிங்கோடு வெளியே விரிந்து திரும்பச் சேர வேண்டும். கடலோர வண்டிகளில் அவை துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். கேமை விரலால் திருப்பி விட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். கழற்றும் முன் பிளேட் இருக்கும் இடத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள்.

டைமிங்கை (பொறி வரும் நேரத்தை) இடைவெளி வைத்த பிறகுதான் தொட வேண்டும். இடைவெளி கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். வெயிட் முழுதாக உள்ளே இருக்கும் நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் பிரியத் தொடங்க வேண்டும். பிரியும் நொடியைப் பிடிக்க சிகரெட் தாள் ஒன்றைச் செருகி மெல்ல இழுங்கள், பிடி விட்டதும் தாள் வந்துவிடும். டைமிங் அதிகம் முந்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பத்திரம்.

மணவாளக்குறிச்சி_350:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எர்த் போல்ட்டில் நீங்கள் சொன்ன அதே பச்சை. சுத்தம் செய்தபின் முள் அசைகிறது, ஆனால் 2 ஆம்பியரைத் தொடவில்லை. வெயிட்டுகளில் ஒன்று இறுகியிருந்தது, எண்ணெய் விட்டு இளக்கிவிட்டேன்.

ராத்திரி மச்சானை ஆக்ஸிலரேட்டர் பிடிக்கவைத்துப் பாயிண்டைப் பார்த்தேன். முதலில் ஊசிமுனை அளவு நீலம். இஞ்சின் சூடேற ஏற வெல்டிங் அடிக்கிற மாதிரி வெட்ட ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றது. கண்டென்சரை மாற்றிவிடுகிறேன். ஆனால் முள் ஏன் இவ்வளவு குறைவாகச் சாய்கிறது?

கோட்டாறு வயரிங்:
காயிலின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, சின்ன டெர்மினல் இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். மீட்டரின் இரண்டு முனையையும் முட்டவைத்தால் காட்டுவதைக் கழிக்க மறக்க வேண்டாம். 6 வோல்ட் காயில் ஒன்றரை ஓம்ஸை ஒட்டிக் காட்டும்.

மணவாளக்குறிச்சி_350:
கழித்தபின் 3.4.

கோட்டாறு வயரிங்:
அப்போது அது 12 வோல்ட் காயில். யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். 6 வோல்ட் பேட்டரியில் அதற்குப் பாதிக் கரண்ட்தான் கிடைக்கும், உங்கள் மஞ்சள் பொறிக்குக் காரணம் அதுதான். இரண்டு பழுது ஒன்றின்மேல் ஒன்றாக இருந்திருக்கிறது. முதலில் கண்டென்சரை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், சூட்டில் நிற்பது தீர வேண்டும். அது தீர்ந்த பிறகு 6 வோல்ட் காயில் போடுங்கள், பொறி நீலமாகும்.

புதுக் கண்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வயர் பாயிண்டுக்கும், பாடி நல்ல எர்த்துக்கும் போனால் போதும். காயில் பக்கத்தில் மேலே மாட்டினால் இஞ்சின் சூடு படாது.

கேமில் நூல் அளவு கிரீஸ் தடவுங்கள், பாயிண்ட் முகத்தில் பட்டுவிடக் கூடாது. இஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பாயிண்ட் சேர்ந்த நிலையில் நின்றிருந்தால் புதுக் காயில் வெந்துவிடும்.