ஐந்தாம் அவென்யூ பனிப்படம்: வெட்டினாரா, வெட்டவில்லையா?

நேர்படம்:
இப்போது படம் எடுக்கிறவர்கள் வெட்டி ஒட்டியே பெயர் வாங்குகிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸைப் பாருங்கள். 1893 பிப்ரவரி 22, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ. கொட்டும் பனியில், இரவல் வாங்கிய கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் நின்றார். வண்டிக்காரன் சாட்டையை ஓங்கியபடி எதிரே வரும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தார். எடுத்ததை ஓரம்கூட வெட்டாமல் அச்சிட்டார். அதுதான் கலை.

இருட்டறை:
தேதி சரி, மூன்று மணி நேரம் சரி. "ஓரம்கூட வெட்டாமல்" என்பது மட்டும் தவறு. முழு நெகட்டிவிலிருந்து போட்ட பிரதி இன்றும் இருக்கிறது. 1905இல் அவருடைய 'கேமரா ஒர்க்' இதழில் வந்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் போய், வண்டி பெரிதாகி நம் மேல் ஏறி வருவது போல் இருக்கும். அந்த வேகமே வெட்டியதால் வந்தது. 1897இல் கைக்கேமரா பற்றி அவரே எழுதிய கட்டுரையில், நெகட்டிவில் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கச் சொல்கிறார். அவர் ஒளிக்காததை நீங்கள் ஏன் ஒளிக்கிறீர்கள்?

நேர்படம்:
பத்திரிகைக்காரன் பக்கத்துக்குத் தோதாக வெட்டியிருப்பான். மூன்று மணி நேரம் நின்றவருக்கு வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இருட்டறை:
எந்தப் பத்திரிகைக்காரன்? கேமரா ஒர்க்கின் ஆசிரியரும் அவர்தான், வெளியிட்டவரும் அவர்தான். செப்புத் தகட்டில் படத்தைப் பதித்து மையில் அச்சிட்ட ஃபோட்டோகிராவூர் தாள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மனிதர். அவருக்குத் தெரியாமல் யார் கத்தரிக்கோலை எடுப்பது? வெட்டினார். அவரேதான் வெட்டினார்.

புகைமூட்டம்:
ஒரு படத்திலேயே நிற்கிறீர்களே. 1902இல் அவர் எடுத்த 'மனிதனின் கை' என்ற படத்தைப் பற்றி யாராவது பேசுங்கள். லாங் ஐலண்ட் சிட்டி ரயில் யார்டு. கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஒற்றை எஞ்சின் வருகிறது, ஈரம் பட்டது போல் தண்டவாளங்கள் வளைந்து மின்னுகின்றன. மற்றவர்கள் குளத்தையும் பனிமூட்டத் தோப்பையும் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனிதர் கரியையும் இரும்பையும் அழகாக்கினார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நேர்படம்:
அதையும் வெட்டவில்லை.

இருட்டறை:
இப்போது பேச்சு பனிப்படத்தைப் பற்றி. அதை வெட்டினார்.

பழையலென்ஸ்:
பிக்டோரியலிஸ்ட், அதாவது புகைப்படத்தை ஓவியம் போல் ஆக்குகிறவர் என்றாலே வெட்டுவதும் தீட்டுவதும்தானே, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? ஸ்டீக்லிட்ஸின் சக கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் எடுத்த நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடப் படம் முழுக்கப் பிரஷ் வேலை. அதில் ஒரு பிரதி 2022 ஏலத்தில் 1 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது. பெயின்ட் அடித்த படத்துக்கு இவ்வளவு விலை.

இருட்டறை:
பெயின்ட் அடித்த படமா? பழையலென்ஸ், போன மாதமும் இதையே சொன்னீர்கள், அப்போதும் பதில் சொன்னேன். பிளாட்டினம் உப்பில் போட்ட பிரதியின் மேல் கோந்து, நிறமி, வெளிச்சத்தை உணரும் டைகுரோமேட் உப்பு மூன்றையும் கலந்து பூசுவார்கள். காய்ந்ததும் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால் வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். அந்தி நேரத்து நீலமும் பச்சையும் அப்படி வந்தவை. நான் இந்த முறையில் 40 தாள் வீணாக்கிய பிறகுதான் ஒரு தாள் தேறியது. தொட்டியில் தாளைக் குப்புறப் போட்டுவிட்டு அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் வானம் முழுக்க வழிந்துவிடும். இதைப் பெயின்ட் என்கிறவர் ஒரு தாளாவது கழுவிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

பழையலென்ஸ்:
உங்களைப் போல எல்லாருக்கும் வீட்டில் தொட்டி கிடையாது ஐயா. விலை தப்பா?

இருட்டறை:
விலை தப்பில்லை. பெயின்ட் தப்பு.

நேர்படம்:
பார்த்தீர்களா, பேச்சை ஸ்டைக்கன் பக்கம் திருப்பிவிட்டார். மூன்று மணி நேரத்துக்கு இவரிடம் பதில் இல்லை. பனிப்பட நெகட்டிவை அன்று புகைப்படக்காரர்கள் சங்கத்தில் காட்டியபோது, மங்கலாக இருக்கிறது, தூக்கிப் போடு என்றார்களாம். ஸ்டீக்லிட்ஸே பிற்பாடு சொன்னது. அந்தக் கூட்டம்தான் இன்றைக்கு இருட்டறை என்ற பெயரில் வந்து அவர் படத்தைக் குறைத்துப் பேசுகிறது.

இருட்டறை:
குறைத்துப் பேசினேனா? 20 வருஷமாக படத்தைப் பெரிதாக்கும் என் என்லார்ஜருக்கு மேலே சுவரில் தொங்குவது அந்தப் படம்தான். எல் வடிவத்தில் இரண்டு அட்டை வெட்டி வைத்திருக்கிறேன். நெகட்டிவ் அளவிலேயே போட்ட காண்டாக்ட் பிரதியின் மேல் அவற்றை நகர்த்தி நகர்த்தி, எந்த ஓரம் போனால் படம் மூச்சு விடும் என்று பார்ப்பேன். அந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததே அவர் படம். அவர் வெட்டினார் என்பது எனக்குப் பெருமை. உங்களுக்கு ஏன் அது அவமானமாக இருக்கிறது?

நேர்படம்:
ஏனென்றால் ஒரு போட்டியில், சட்டகம் சரியில்லை என்று என் படத்தைத் தள்ளிவிட்டு, பாதியை வெட்டிய படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். மழையில் இரண்டு மணி நேரம் நின்று எடுத்த படம் என்னுடையது. நடுவர்களில் ஒருவர் இங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இருட்டறை:
நான்தான் அந்த நடுவர். இடது ஓரத்துக் குப்பைத் தொட்டியை வெட்டியிருந்தால் பரிசு உங்களுக்குத்தான். அன்றே சொன்னேன், கேட்கவில்லை.

நேர்படம்:
குப்பைத் தொட்டி அந்தத் தெருவில் இருந்தது. அதை ஏன் வெட்ட வேண்டும்?

பழையலென்ஸ்:
அதானே. குப்பைத் தொட்டியும் தெருதானே.

இருட்டறை:
நீங்கள் முதலில் பெயின்ட் என்றதைத் திரும்ப வாங்குங்கள்.

புகைமூட்டம்:
ஸ்டீக்லிட்ஸ் 1907இல் கப்பலின் மலிவுத் தளத்தில் எடுத்த ஏழைப் பயணிகளின் படத்தைப் பலரும் அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் குடியேறிகள் என்கிறார்கள். அந்தக் கப்பல் போனது ஐரோப்பாவுக்கு. அங்கே புகையைக் காணோம், படத்தைக் கோடுகளும் உருவங்களும் மட்டுமே தாங்கி நிற்கின்றன. ஐந்து வருஷத்துக்குள் அவர் கண் இவ்வளவு மாறியதைப் பற்றிப் பேசலாமா?

இருட்டறை:
பேசலாம், அப்புறம். முதலில் 1893 படத்தை அவர் வெட்டினார் என்று நேர்படம் எழுதட்டும்.

நேர்படம்:
எழுத மாட்டேன். மூன்று மணி நேரம் நின்றார்.

இருட்டறை:
நின்றார். அப்புறம் வெட்டினார்.