இரண்டு முழங்காலும் ஒரே நாளிலா, இடைவெளி விட்டா?

மாம்பலம் மகள்:
அம்மாவுக்கு 67 வயது. இரண்டு மூட்டும் தேய்ந்து கால் வில்லாக வளைந்துவிட்டது. மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. டாக்டர் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்கிறார், சித்தப்பா கூடவே கூடாது என்கிறார். சர்க்கரை உண்டு. வீடு லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

பெரம்பூர்வாசி:
ஒரே நாள்தான் மேடம். அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். ஒரே மயக்க மருந்து, ஆஸ்பத்திரி அலைச்சலும் ஒரே தடவை, செலவும் மிச்சம். எங்கள் பெரியம்மா ஒரு காலின் வலியைப் பார்த்துவிட்டு அடுத்த காலுக்குச் சம்மதிக்கவே இல்லை. நிமிர்ந்த கால் ஒன்று, வளைந்த கால் ஒன்று என்று இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார்.

அடையாறு ஆலமரம்:
தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒரே நாளில் செய்தால் ரத்த இழப்பு அதிகம். இதயத்துக்கும் சுமை, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கும் ஆபத்தும் கூடுதல். என் மாமியார் மூச்சுத்திணறி 5 நாள் ஐசியூவில் கிடந்தார். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே இடது முழங்காலை 2000 அக்டோபரிலும் வலதை 2001 ஜூனிலும்தான் மாற்றிக்கொண்டார்.

பெரம்பூர்வாசி:
வாஜ்பாய்க்கு அப்போது 75 வயது சார். உங்கள் மாமியாருக்கு முன்பே இதயக் கோளாறு இருந்ததா?

அடையாறு ஆலமரம்:
இருந்தது. படபடப்புதானே என்று விட்டுவிட்டோம், எக்கோ என்கிற இதய ஸ்கேன்கூட எடுக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். செலவு மிச்சம் என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது, பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், வரி தனி. எப்படிச் செய்தாலும் இரண்டு மூட்டு வாங்கத்தானே வேண்டும்? அறை வாடகையும் தியேட்டர் செலவும்தான் குறையும்.

பிசியோ தம்பி:
அக்கா, மாடிப்படியை யாரும் கவனிக்கவில்லை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்றுதான் பழக்குவோம். இரண்டும் ஆபரேஷன் கால் என்றால் முதல் சில வாரம் ஊன்ற நல்ல கால் ஏது? அதற்காக ஒன்றை மட்டும் செய்துவிட்டு நீண்ட நாள் விடுவதும் தப்பு. மற்ற கால் மடங்கியே இருந்தால் புதுக் காலும் அதோடு சேர்ந்து மடங்கியே நிற்கும், முழுசாக நீட்ட வராது. பெரியம்மாவுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம். உடம்பு தாங்கினால் ஒரே நாளில் செய்யுங்கள், ஆனால் தரைத்தளத்தில்.

பெரம்பூர்வாசி:
சரிதான் தம்பி. எங்களுக்குத் தனி வீடு, அதனால் படி ஞாபகமே வரவில்லை.

மாம்பலம் மகள்:
எக்கோவுக்கும் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டுக்கும் எழுதி வாங்கியாயிற்று. அது வரட்டும், அப்புறம் டாக்டரிடம் பேசுகிறேன். அயோத்தியா மண்டபம் பக்கம் மூன்று மாதத்துக்குத் தரைத்தள வீடு, வெஸ்டர்ன் டாய்லெட்டோடு, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.