ஒரு முறை ஏறிய புரோகிராம், அதன் பிறகு டீபக்கருக்குப் போர்டே தெரியவில்லை

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது ப்ளூ பில் என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8), அதில் புரோகிராம் ஏற்றவும் பிழை தேடவும் உதவும் டீபக்கராக, பென்டிரைவ் மாதிரி இருக்கும் எஸ்டி-லிங்க் வி2 நகல் ஒன்று, புரோகிராம் எழுத கியூப் ஐடிஇ மென்பொருள். நேற்று இரவு முதல் புரோகிராம் ஒழுங்காக ஏறியது, பிசி13 பின்னில் இருக்கும் எல்ஈடி மினுக்கியது. மினுக்கும் வேகத்தை மாற்றி மறுபடி டீபக் கொடுத்தால் டார்கெட் (அதாவது போர்டு) இல்லை என்கிறது. ஜம்பர் வயர், யுஎஸ்பி போர்ட், டிரைவர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, சரி, போர்டு செத்துவிட்டது என்று கைவசம் இருந்த இன்னொரு போர்டில் அதே புரோகிராமை ஏற்றினேன். அதுவும் ஒரு முறை ஏறியதோடு சரி. இரண்டிலும் எல்ஈடி மட்டும் ஜோராக மினுக்கிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. டார்கெட் வோல்டேஜ் 3.2 என்று சரியாகத்தான் காட்டுகிறது.

பதில் 1:
வயர் நீளமா நண்பா? பத்து சென்டிமீட்டருக்குள் வைத்து, எஸ்டபிள்யூடி (டீபக்கரும் சிப்பும் பேசும் இணைப்பு) வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 480 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். அந்த 3.2-ஐ நம்ப வேண்டாம், இந்த நகல்களில் போர்டின் வோல்டேஜை அளக்கத் தனி பின்னே கிடையாது, தன்னுடையதையே அளந்து சொல்லும்.

பதில் 2:
வயர் இல்லை. முதல் முறை ஏறி, இரண்டாம் முறை மறுக்கிறது, அதுவும் இரண்டு போர்டிலும் என்றால் உங்கள் புரோகிராமே கதவைச் சாத்துகிறது. சிப்பின் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கோடு உருவாக்கும் கியூப்எம்எக்ஸில், எஸ்ஒய்எஸ் பகுதியில் டீபக் என்ன வைத்திருக்கிறீர்கள்? உங்கள் சிப் சேர்ந்த எஃப்1 வரிசையில் அதை "நோ டீபக்" என்றே விட்டால், அது உருவாக்கும் ஹால் எம்எஸ்பி கோப்பில் எஸ்டபிள்யூஜே டிஸேபிள் (டீபக் இணைப்பை அணை) என்று ஒரு வரி வந்து உட்காரும். போர்டு ஓடத் தொடங்கியதுமே டீபக்கர் பேசும் பிஏ13, பிஏ14 இரண்டும் சாதாரண பின்னாகிவிடும், டீபக்கர் எங்கே போய்ப் பேசும்?

கேள்வி கேட்டவர்:
அண்ணா, அந்த வரி அப்படியே இருக்கிறது! அந்த அமைப்பை நான் தொடவே இல்லை, என் தப்புதான். ஆனால் இப்போது உள்ளே போவது எப்படி? சிப்பை ரீசெட்டில் பிடித்துவைத்தே இணைக்கும் "அண்டர் ரீசெட்" போட்டேன், எஸ்டி-லிங்கின் ஆர்எஸ்டி பின்னைப் போர்டின் ரீசெட்டில் சொருகியும் பார்த்தேன், ம்ஹூம்.

பதில் 2:
பல நகல்களில் அந்த ஆர்எஸ்டி எஸ்டிஎம்8 என்ற வேறு சிப் வரிசைக்கு மட்டும்தான், எஸ்டிஎம்32-க்கு உதவாது. அதனால் விரலால் செய்ய வேண்டியதுதான்: ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே கனெக்ட் கொடுத்து, உடனே விடுங்கள். நேரம் அமையாமல் கடுப்பானால் இன்னொரு வழி, சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் அழுத்துங்கள். ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கும் உங்கள் புரோகிராம் ஓடாது, சிப்பிலேயே பதிந்து வரும் தொடக்க புரோகிராமான பூட்லோடர்தான் ஓடும், டீபக் பின்கள் திறந்தே இருக்கும். கியூப் புரோகிராமர் மென்பொருளில் ஃப்ளாஷை முழுதாக அழித்துவிட்டு ஜம்பரைப் பழையபடி 0-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன்னாலேயே கியூப்எம்எக்ஸில் "சீரியல் வயர்" வைத்துக் கோடை மறுபடி உருவாக்குங்கள், இல்லையென்றால் நாளைக்கும் இதே இழைதான்.

கேள்வி கேட்டவர்:
பட்டன் வித்தை ஆறு ஏழு முறை செய்தும் எனக்குக் கைவரவில்லை. பூட்0 ஒரே அடியில் வேலை செய்தது. இப்போது டீபக் கொடுத்தால் நான் நிற்கச் சொன்ன வரி (பிரேக்பாயின்ட்) வரை போய் நிற்கிறது. இரண்டாவது போர்டில் ஜம்பரைப் பிடுங்கும்போது அந்த மஞ்சள் தொப்பி தெறித்து மேசைக்கு அடியில் எங்கோ போய்விட்டது, பெண் முனை ஜம்பர் வயர் ஒன்றால் இரண்டு பின்னையும் இணைத்துத்தான் அழித்தேன்.