"கடனுதவி" என்று வாசிப்பது சரியா?

கொழும்பு_செய்திமேசை:
ஒரு தனியார் வானொலியில் தமிழ்ச் செய்தி எழுதுகிறேன். பழைய பிரதிகளைப் புரட்டும்போது 2022 மார்ச்சில் நானே எழுதிய வரி கண்ணில் பட்டது: "இந்தியா இலங்கைக்கு 100 கோடி டொலர் கடனுதவி வழங்கியுள்ளது." அன்றிரவு கிளிநொச்சியிலிருந்து அம்மா எடுத்தா. "இந்தியா இவ்வளவு காசு தந்திட்டுதாம், இனி காஸ் வரிசை குறையுமோ?" தந்ததில்லை அம்மா, கடன் என்றேன். "உங்கட ரேடியோவில உதவி எண்டுதானே சொன்னவை" என்றா. எனக்குப் பதில் இருக்கவில்லை.

அது உணவும் மருந்தும் வாங்க ஸ்டேட் பாங்க் ஒஃப் இந்தியா கொடுத்த கடன் வசதி. அதற்கு முந்தின மாதம் எரிபொருளுக்கு இந்திய எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கியின் 50 கோடி டொலர் கடன். அதையும் "உதவி" என்றுதான் எழுதினோம். சிங்கள மேசையிலிருந்து வரும் "ணயாதார" என்ற சொல்லிலும் கடனும் உதவியும் ஒட்டித்தான் இருக்கின்றன. நான்கு நிமிடச் செய்தியில் இதைப் பிரித்துச் சொல்ல வழியுண்டா?

பழைய_ஒலிவாங்கி:
தம்பி, பெயர்ச்சொல்லை விடும், வினையைப் பாரும். "வழங்கியது." பட்டம் வழங்குவார்கள், நிவாரணம் வழங்குவார்கள், வள்ளல் வழங்குவான். வங்கி வழங்குமோ? நான் இருந்த மேசையில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் என்றால் "சீனாவிடம் இலங்கை பெற்ற கடன்". இந்தியா என்றால் "இந்தியா வழங்கிய உதவி". அந்தத் துறைமுகக் கடனும் எக்ஸிம் வங்கிக் கடன்தான், சீனாவின் எக்ஸிம். கடன் ஒரே சாதி, எழுவாய்தான் மாறியது. பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் 1973இல் சீனா கட்டித்தந்தது உண்மையான அன்பளிப்பு. அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளும்.

வவுனியா_ஆசிரியை:
2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்த நாள் ஸ்டேசனில் நின்றேன். பக்கத்தில் ஒரு ஐயா தண்டவாளத்தைக் கும்பிட்டார். "இந்தியா போட்டுத் தந்தது" என்றார். அந்தப் பாதை இந்தியக் கடன். என் ஒன்றுவிட்ட அக்காவின் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில், ஐந்தரை லட்சம் ரூபா, தவணை தவணையாக வந்தது. அது நன்கொடை. ஊரில் இரண்டுக்கும் ஒரே வாய்ப்பேச்சு. பாதைக் கடனை மலையகத்து அட்டனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பிள்ளையும் சேர்ந்துதான் கட்டுகிறாள், அவளுக்கு இதை யார் சொன்னது?

சென்னை_வாசகன்:
ஒரு மறுப்பு. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த நிலையில் இருந்த நாட்டுக்குக் கடன் கொடுத்ததை உதவி இல்லை என்றால் மனசு ஒப்பவில்லை.

இன்னொன்று. ஏப்ரல் 29இல் எங்கள் சட்டமன்றத் தீர்மானம்: 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள். இது முழுக்க இனாம். முதலில் "இலங்கைத் தமிழர்களுக்கு" என்றுதான் பேச்சு. தமிழர்களுக்கென்று தனியாக வேண்டாம் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே சொன்னதாக முதல்வர் பேரவையில் சொன்னார். மே 18இல் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியபோது எங்கள் டிவியில் ஓடிய வரி "இலங்கை மக்களுக்கு". அதைப் படித்தபோது சிங்களவர் அதிகம் வாழும் அம்பாந்தோட்டையில் இருக்கும் ஒரு வீட்டையும் முதல் முறையாக நினைத்துக்கொண்டேன்.

கொழும்பு_செய்திமேசை:
சென்னை நண்பர் சொன்னது நியாயம். அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பிழைதான். நேற்று அந்தப் பழைய வரியைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்: "இந்தியாவிடம் இலங்கை 100 கோடி டொலர் கடன் பெற்றது. அந்நியச் செலாவணி இல்லாமல் தவிக்கும் நேரத்தில் உணவும் மருந்தும் வாங்க இது கைகொடுக்கும்." வாசித்துப் பார்க்க ஒன்பது விநாடி. பழைய வரி ஐந்து.

பொறுப்பாசிரியர் நான்கு விநாடி அதிகம் என்கிறார். காலை ஆறு மணிச் செய்திக்கு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன் ஒன்று மேசையில் கிடக்கிறது. "கடன்" என்றே எழுதி வைத்திருக்கிறேன்.