உங்கள் படத்துக்கு முதல் காசு கொடுத்தவர் யார்?

கோவில்பட்டி, போர்டு எழுதுபவர்:

எங்கள் தொழிலில் யாரும் படம் வரைவதில்லை, எழுதுவார்கள். போர்டு எழுதுவோம், சுவர் எழுதுவோம், முருகன் படத்தையும் எழுதுவோம். 1989இல் பத்தாம் வகுப்பில் கணக்கு கைவிட்டதும் அப்பா என்னை ஒரு ஆர்ட்ஸ் கடையில் கொண்டுபோய் விட்டார். முதல் எட்டு மாதம் தூரிகை கழுவுவதுதான் வேலை. மண்ணெண்ணெயில் அலசி, துணியில் ஒற்றி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, மயிரை இரண்டு விரலுக்கு நடுவே நீவிக் கூராக்கி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் நுனி பிரிந்திருந்தால் ஆசான் திட்ட மாட்டார். அதே தூரிகையை என்னிடம் நீட்டி, "ஒரு கோடு போடு" என்பார். கோடு இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைய பாடம் முடிந்தது.

இந்த ஊரில் படம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவர் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். கம்பெனி இங்கே கலைந்தது, அவர் இங்கேயே தங்கிவிட்டார். சிவகாசி அச்சகங்கள் பக்கத்திலேயே இருந்ததால் அவர் எழுதிய தெய்வங்கள் காலண்டர்களில் ஏறி ஊர் ஊராகப் போயின. 1976இல் அவர் காலமானபோது எனக்கு இரண்டு வயது. ஆனாலும் எங்கள் கடையில் அவர் பெயரைச் சொல்லும்போது ஆசான் பீடியைக் கீழே வைத்துவிடுவார்.

என் கதைக்கு வருகிறேன். 1994இல் தனியாகத் தொழில் தொடங்கியபோது ஒரு சைக்கிள் கடைக்குப் போர்டு எழுதினேன். ஆறடிக்கு மூன்றடி தகரம், எனாமல் பெயிண்ட். வலது பக்கம் கடையின் பெயர், இடது பக்கம் சைக்கிளில் போகும் ஒரு பையன். கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. குறைந்தால் காசு கிடையாது." கம்பி எழுதுவது எல்லோரும் பயப்படும் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், நடுவில் நின்றால் அந்த இடத்தில் பெயிண்ட் தடித்துவிடும். 350 ரூபாய் கொடுத்தார். கீழ் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு என் ஆர்ட்ஸ் பெயரையும் ஊரையும் போட்டேன்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. அதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் ஒப்பாரியாகத்தான் இருக்கும், விட்டுவிடுகிறேன். பள்ளிச் சுவர்களில் திருக்குறளும் லாரிகளுக்கு எண்ணும் எழுதி அடுப்பு எரிந்தது.

2017இல் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அந்தச் சைக்கிள் கடையை இடிக்கும்போது போர்டை 8,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். மூலையில் இருந்த பெயரைப் படித்து, ஊரில் விசாரித்து, என் வீட்டைத் தேடி வந்துவிட்டார். இதேபோல மூன்று போர்டு வேண்டும், என்ன ஆகும் என்று கேட்டார். நான் வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். தகரம், பெயிண்ட், இரண்டு நாள் கூலி, ஒன்றுக்கு 2,800. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதில் உங்கள் பெயருக்கு எவ்வளவு?" என்றார். எனக்குப் புரியவில்லை. பெயர் போடுவதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை சார் என்றேன். உள்ளே இருந்த என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. காபி கொண்டுவந்து வைத்தபடி, "ஒன்றுக்கு 9,000 என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

28 வருடம் கூலி வாங்கியிருக்கிறேன். படத்துக்கென்று காசு வாங்கியது அன்றுதான். உங்களில் ஓவியர்கள், போட்டோ எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார்?

தூத்துக்குடி, புகைப்படக் கலைஞர்:

அண்ணாச்சி, மதினிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் கதையில் அப்படி ஒரு ஆள் இல்லாததால் நான் மூன்று வருடம் வீணாக்கினேன்.

அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பதைவிட டச்சப் செய்வதில் கெட்டிக்காரர். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பருவையும் அம்மைத் தழும்பையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார். நெகட்டிவில் கறுப்பு வைத்தால் பிரிண்டில் வெளுப்பாக வரும் என்பது எனக்கு ஏழு வயதில் தெரியும். பெண் பார்க்கும் படத்துக்கு எத்தனை புள்ளி, ரேஷன் கார்டுக்கு எத்தனை புள்ளி என்று அவருக்குத் தனிக் கணக்கு உண்டு. ரேஷன் கார்டுக்குப் புள்ளியே கிடையாது.

அவர் போன பிறகு கடையை நான் எடுத்தேன். சடங்கு வீடுகளில் பெண் போட்டோகிராபர் என்றால் அம்மாக்கள் நிம்மதியாக இருந்தார்கள், அதனால் வேலைக்குக் குறைவில்லை. உப்பளத்துக்குப் போனது தற்செயல்தான். அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா மகளின் சடங்குக்கு ஆல்பம் கொடுத்தேன், மீதிப் பணத்தை வாங்க விடியற்காலையில் பாத்திக்கே வரச் சொன்னார். வெயில் ஏறினால் கண்ணைத் திறக்க முடியாது என்பதால் இருட்டோடு இருட்டாக வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். நான் கேமராவை எடுத்தேன். வந்த படமெல்லாம் சாம்பல்! உப்பின் வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. கேமராவில் வெளிச்ச அளவை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டி வைத்தால்தான் உப்பு உப்பாக இருக்கும். அதைச் சரிசெய்யத்தான் மறுநாளும் போனேன். பிறகு மழைக்காலத்தில் பாத்தி மூடும்வரை போய்க்கொண்டே இருந்தேன்.

அங்கே ஒரு ஆச்சி இருந்தார். ஒருநாள், "தினமும் எடுக்கிறாயே, என் முகத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். கண்காட்சி வைப்பேன் என்றேன். "அதில் நான் நன்றாக இருப்பேனா?" என்றார். அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு மடியிலிருந்து 20 ரூபாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார். "ஸ்டூடியோக்காரியின் மகளா நீ, கடனாகக் கொடுத்துப் பழகாதே." அப்பா கடையில் இருந்தபோதும் கல்லாவில் அம்மாதான் உட்கார்ந்திருப்பார், அது ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று வருடம் வீணானது எப்படி என்று சொல்கிறேன். படங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினேன். ஒரு நிறுவனம் என் படத்தைத் தன் காலண்டரில் போட்டு, ஓரத்தில் என் பெயரைக்கூடப் போடவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்கு ஒரு விளம்பரம்தானே" என்றார்கள். பெயரே இல்லாத விளம்பரம்! 2016இல் சென்னை போட்டோ பியன்னாலே என்ற புகைப்படத் திருவிழா தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு படத்துக்கு ஐந்தோ எட்டோ பிரிண்ட் மட்டும், நிறம் மங்காத மையில், பருத்திக் காகிதத்தில். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/5, 2/5 என்று எண்ணும் கையெழுத்தும். ஐந்து முடிந்தால் முடிந்தது, அதே அளவில் ஆறாவது போடக் கூடாது. அப்பா நெகட்டிவில் வைத்த பென்சிலை நான் பிரிண்டில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் பிரிண்டை 12,000 ரூபாய்க்கு வாங்கியவர் ஒரு வங்கி அதிகாரி. "ஒரு பொத்தானை அழுத்துவதற்கு இவ்வளவா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கினார். ஆனால் கேள்விக்கு விடையாக எனக்கு முதலில் கொடுத்தவர் ஆச்சிதான்.

ஈரோடு, திருமணப் படம்:

நான் ஒன்று சொன்னால் யாரும் அடிக்க வராதீர்கள். எனக்குக் கலைஞன் ஆகும் எண்ணமே இல்லை. தை, ஆவணி முகூர்த்தங்களில் தூக்கம் கிடையாது, ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் கிடையாது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் குதிரைகளை எடுப்பேன், எனக்காக மட்டும். ஆடியில் அந்தியூரைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். அந்தப் படத்தை விலைக்குக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். விற்றால் அடுத்த ஆடியில் அவருக்குப் பிடித்த குதிரையைத்தான் தேடுவேன். தூத்துக்குடி அக்கா, 12,000 சரியான விலைதான், குறைக்காதீர்கள்.

கும்பகோணம், ஓவிய ஆசிரியர்:

பள்ளிக்கூடமே தேவையில்லை, தொழிலில் விழுந்தால் கலை வந்துவிடும் என்று யாராவது இதைப் படித்துவிட்டு நினைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

நான் எங்கள் ஊர் அரசுக் கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். கார்ட்டூன் ஓவியர் கோபுலு படித்த ஊர்ப் பள்ளி என்ற பெருமையோடு உள்ளே போனவன். நுழைவுத் தேர்வில் ஒரு மண்பானையையும் அதன் மேல் போட்ட துணியையும் வரையச் சொன்னார்கள். பானையை நன்றாக வரைந்து, துணியில் கோட்டைவிட்டேன். எப்படியோ இடம் கிடைத்தது. உள்ளே போன பிறகு ஒரு ஆசிரியர் மூன்று மாதம் மடிப்புகளை மட்டும் வரைய வைத்தார். வேட்டி மடிப்பு, காய்ந்த வாழையிலை மடிப்பு, தூங்குகிறவன் முழங்கையில் விழும் தோல் மடிப்பு. கோவில்பட்டி ஐயாவின் ஆசான் ஒரு கோட்டில் சொல்லிக்கொடுத்ததுதான் இது. ஆனால் ஐயாவுக்கு வாய்த்த மாதிரி ஆசான் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கல்லூரி இல்லையென்றால் எனக்கு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் படத்தை எப்படி விற்பது என்று நான்கு வருடத்தில் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. வெளியே வந்ததும் எல்லோருக்கும் இரண்டே வழிதான் கண்ணில் பட்டது. சினிமாவில் கலை இயக்குநருக்கு உதவியாளர், அல்லது பள்ளியில் ஓவிய ஆசிரியர். நான் இரண்டாவது. 2012இல் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தேன், மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள். மீதி நேரம் சொந்தப் படம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மீதி நேரத்தில் டியூஷன் எடுத்தேன்.

சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி மேடைகளில் பேசும்போது எல்லோரும் பணிக்கரையும் கடற்கரையையும் சொல்வார்கள். பாத்திக் துணியை விட்டுவிடுவார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்த நிலத்தை வாங்கியது ஓவியம் விற்ற பணத்தில் அல்ல. பணிக்கரும் மாணவர்களும் துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் ஏற்றி, பாத்திக் துணி விற்ற பணத்தில்தான் அந்தக் கிராமமே எழுந்தது. ஒரு பக்கம் கைத்தொழில், மறுபக்கம் ஓவியம். அதை வெட்கமாக நினைக்கவில்லை, திட்டமாகவே வைத்திருந்தார்கள். நான் டியூஷனை வெட்கமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு விஷயம் எனக்கு 22 வயதிலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் காசு? ஒரு காட்சிக்கூடம் என் எட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு போனது. விற்றால் பாதிக்குப் பாதி. பதினான்கு மாதம் கழித்து ஏழு படங்கள் திரும்பி வந்தன, இரண்டில் பூஞ்சை. எட்டாவது எங்கே என்று கேட்டால் தேடுகிறோம் என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, நான் என்ன பேச முடியும்? அதற்குப் பிறகு எந்தப் படம் வெளியே போனாலும் அளவு, ஊடகம், விலை, திரும்பி வரும் தேதி எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். மாணவர்களுக்கு மடிப்பு வரையச் சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். காலண்டரில் பெயர் போகாமல் இருக்கத்தான் என்று இனிமேல் தூத்துக்குடித் தங்கையின் கதையைச் சொல்வேன்.

தூத்துக்குடி, புகைப்படக் கலைஞர்:

எட்டாவது படம் என்ன படம் சார்?

கும்பகோணம், ஓவிய ஆசிரியர்:

காவிரிப் படித்துறையில் துவைத்துக் காயப்போட்ட வேட்டிகள். மடிப்புதான் அம்மா.

கோவில்பட்டி, போர்டு எழுதுபவர்:

எல்லாவற்றையும் இரவு உட்கார்ந்து படித்தேன். இரண்டு பிரதி எழுதி வாங்கும் யோசனையை நாளையிலிருந்து நானும் எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டுத் தம்பி, குதிரைப் படத்தை விற்க வேண்டாம், சரி, எங்களுக்காவது காட்டலாம்.

நான் இப்போது சதுர அடிக் கணக்கு சொல்வதில்லை. வருடத்துக்கு ஏழெட்டுப் போர்டு எழுதுகிறேன், கடைகளுக்கு அல்ல, வீடுகளுக்கு. மற்ற நாட்களில் பள்ளிச் சுவர் உண்டு. போன மாதம் அந்தச் சென்னைக்காரர் பழைய சைக்கிள் கடைப் போர்டைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். துருவைச் சுரண்டட்டுமா என்று கேட்டிருந்தார். சுரண்ட வேண்டாம், காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள், மண்ணெண்ணெய் தொடவே கூடாது என்று பதில் போட்டேன்.

பிறகு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சக்கரத்தைப் பார்த்தேன். முன்சக்கரத்தில் 32 சரியாக இருக்கிறது. பின்சக்கரத்தை நான்கு முறை எண்ணினேன், 38தான். கடைக்காரர் 23 வருடம் அந்தப் போர்டின் கீழே உட்கார்ந்து சக்கரம் கோத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.