ப்னீனா டோர்னாய்: பெயர் வாங்கித் தந்தது டிவியா, கோர்செட்டா?

நூல்கண்டு (கேள்வி)

ஃபேஷன் டிசைன் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஒரு மணப்பெண் கவுன் டிசைனரோட தொழில் பாதையை எழுதணும். இஸ்ரேலைச் சேர்ந்த ப்னீனா டோர்னாயை எடுத்திருக்கேன். தேடினா எங்க பார்த்தாலும் 'சே யெஸ் டு த ட்ரெஸ்'ங்கற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில அவர் சொன்னது, அழவச்சது, சிரிக்கவச்சது மட்டும்தான் வருது. எனக்கு வேண்டியது வேற.

டிவிக்கு முன்னாடி அவர் தொழில் எப்படி இருந்தது? டிவி இல்லன்னாலும் அமெரிக்காவுல நின்னிருப்பாரா?

அவரோட அந்த உடம்பு தெரியற கோர்செட் (கவுனோட மேல்பாதி, உடம்பை இறுக்கிப் பிடிக்கறது) எப்படி நழுவாம நிக்குது? தோள்ல பட்டை கிடையாது, லைனிங் கிடையாது, கீழ கிலோக்கணக்குல பாவாடை தொங்குது.

கடையில 8,000 டாலருக்கு விக்கற கவுன்ல டிசைனர் கைக்கு எவ்வளவு வரும்? தோராயக் கணக்கு போதும்.

வெள்ளைத்துணி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் இங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறந்த வருடம் 1962. இஸ்ரேலில் இந்தத் துறைக்கு வழக்கமான வாசல் ராமத் கானில் இருக்கும் ஷென்கர் கல்லூரி. பாரிஸின் லான்வின் ஃபேஷன் நிறுவனத்தில் 2001 முதல் 2015 வரை டிசைன் தலைவராக இருந்த ஆல்பெர் எல்பாஸ் அங்கே படித்தவர். டோர்னாய் அந்த வழியாக வரவில்லை. இளவயதில் பாரிஸுக்குப் போனதே நடிப்புப் படிக்கத்தான். பிறகு டெல் அவிவில் சொந்தக் கடை போட்டார். முதலில் மாலை விருந்து உடைகள், அப்புறம்தான் மணப்பெண் கவுன். அவர் கடை இருந்த டிஸென்காஃப் தெருவின் வடபகுதி மணப்பெண் கடைகளுக்குப் பேர்போனது.

ப்ராஜெக்டில் நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. இஸ்ரேலில் கவுனை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது பரவலான வழக்கம். அவளுக்கென்றே தைத்து முதலில் உடுத்தும் பெண் அதிக வாடகை தருவாள், கவுன் கடைக்கே திரும்பிவிடும், அடுத்த பெண்ணுக்குக் குறைந்த வாடகையில் போகும். அப்படியென்றால் ஒரே கவுன் பல உடம்புகளுக்குப் பொருந்தியாக வேண்டும். முதுகில் கயிறு கட்டும் அமைப்பு, கழற்றி மாட்டும் பட்டை, உள்ளே தாராளமாக விட்ட தையல் மார்ஜின் எல்லாம் வாடகைக் கடைக்கு மிகவும் தோதானவை. அமெரிக்காவில் கதை நேர்மாறு. அங்கே பெண் கவுனைச் சொந்தமாக வாங்குகிறாள். கடையில் தொங்குவது மாதிரி மட்டும், அவள் அளவுக்குப் புதிதாகத் தைத்து வரும். ஒரே டிசைனை நூறு பேருக்கு நூறு அளவில் விற்கலாம். டெல் அவிவில் ஒரு கடை வைத்திருப்பவருக்கு இது வேறு தொழில் என்றே சொல்லலாம்.

அந்தத் தொழிலுக்கு அவர் தட்டிய கதவு நியூயார்க்கின் க்ளைன்ஃபெல்ட். 1941-ல் புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதியில் தொடங்கிய கடை, 2005-ல் மன்ஹாட்டன் மேற்கு 20-ஆம் தெருவுக்கு இடம் மாறியது. முதல் சந்திப்பில் அவருடைய கவுன்களை மறுத்துவிட்டார்கள். உடம்பு இவ்வளவு தெரிந்தால் எங்கள் மணப்பெண்கள் வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அவர் விடவில்லை, சில மாதிரிகள் உள்ளே போயின, விற்றன. பிறகு நீண்ட காலம் அமெரிக்காவில் அவர் கவுன் அந்த ஒரு கடையில் மட்டுமே கிடைத்தது. கடைக்குள்ளேயே அவர் பெயரில் தனிக்கூடம் வந்தது. அந்தக் கடையிலேயே படமான டிவி நிகழ்ச்சி தொடங்கியது 2007-ல்.

ஆக, நிகழ்ச்சி வந்தபோது கவுன் அங்கே ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. டிவி அவரைத் தேடிக் கண்டுபிடித்ததாக எழுதும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

ஊசிமுனை

கோர்செட் பற்றி. டோர்னாய் பட்டறையின் பேட்டர்ன் யாருக்கும் கிடைக்காது. ஆனால் இந்த வகைக் கோர்செட் எல்லாமே ஒரே விதியில்தான் நிற்கிறது, எடை மார்பில் அல்ல, இடுப்பில் உட்கார வேண்டும். பலர் மேல்விளிம்பை இறுக்கி நிறுத்தப் பார்ப்பார்கள். மூச்சு முட்டும், அக்குளில் சதை பிதுங்கும், அப்படியும் நழுவும்.

இடுப்பில் நிறுத்துவது உள்ளே போகும் ஒரு ரிப்பன். 2.5 செ.மீ அகல க்ரோஸ்கிரைன் (குறுக்கே வரிவரியாக நெய்த கெட்டி ரிப்பன்), நீளாத ரகம். இடுப்புச் சுற்றளவைவிட 2 முதல் 3 செ.மீ குறைவாக வெட்ட வேண்டும். எலும்புப் பட்டைகள் (கோர்செட்டை விறைப்பாக நிறுத்தும் கம்பியான 'எலும்பை'ச் செருகும் துணிப் பட்டைகள்) இடுப்பைக் கடக்கும் இடங்களில் மட்டும் கையால் பிடித்துத் தைக்க வேண்டும். முதுகுத் திறப்புக்கு இரு பக்கமும் 7-8 செ.மீ தைக்காமல் விட்டு, நுனியில் இரண்டு ஹூக். உடுத்தும்போது முதலில் ரிப்பனைப் பூட்டி, அதன்பிறகு ஜிப் அல்லது கயிறு. பாவாடையின் எடையும் இந்த வரியிலேயே ஏற வேண்டும். லைனிங் வைத்த கவுனில் ரிப்பன் மறைந்துவிடும். உடம்பு தெரியும் கோர்செட்டில் மறையாது, அதனால் தோல் நிறத்திலேயே ரிப்பன் எடுத்து, மேலே கல் பெல்ட் அல்லது லேஸ் பூவை உட்கார வைப்பார்கள். அந்தக் கல் பெல்ட்டை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

துணி: கடையில் கிடைக்கும் சாதாரண நைலான் நெட் குறுக்கே நீளும். ஒற்றை அடுக்காகப் போட்டால் நடனம் முடிவதற்குள் கோர்செட் ஒரு சுற்று பெரிதாகிவிடும். பாபினெட் கிடைத்தால் அதுதான் சிறந்தது, அறுகோணக் கண்ணி, எளிதில் இழுபடாது. கிடைக்காவிட்டால் கெட்டி நெட் இரண்டு அடுக்கு, ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வையுங்கள். ஒன்றின் நீட்சியை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

துண்டுகள்: ஒரு பக்கத்துக்கு 5 அல்லது 6, மொத்தம் 10 முதல் 12. வளைந்த தையல்களில் சுருள் ஸ்டீல் எலும்பு, ஏனென்றால் அது பக்கவாட்டிலும் வளையும். முதுகில் கயிற்று ஓட்டைகளை ஒட்டித் தட்டை ஸ்டீல். அகலம் 5-6 மி.மீ. பிளாஸ்டிக் எலும்பு விலை குறைவுதான், ஆனால் உடல் சூட்டில் வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். எலும்பைப் பட்டையின் நீளத்தைவிட மொத்தம் 1 முதல் 1.2 செ.மீ குறைவாக வெட்டி, இரு நுனியிலும் தொப்பி போட வேண்டும். முழு நீளத்துக்கு வெட்டினால் உட்கார்ந்ததும் நுனி நெட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

தையல்: 60 அல்லது 70 நம்பர் ஊசி, தையல் நீளம் 2 மி.மீ, அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடுங்கள். தொடக்கத்தில் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள், பல் நெட்டைக் கடித்து விழுங்கும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுவது மேல். எலும்புப் பட்டைகள் வெளியே தெரிவதால் இடது, வலது இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல் இருக்க வேண்டும். 2 மி.மீ விலகினாலும் புகைப்படத்தில் முதலில் தெரிவது அதுதான்.

லேஸ் கடைசியில்தான். எலும்பு போட்ட கோர்செட்டைப் பொம்மையில் மாட்டி, பூக்களைத் தனித்தனியாக வெட்டி, தையல்மேல் குறுக்கே போகும்படி குண்டூசி குத்திப் பார்த்து, கையால் பிடிக்க வேண்டும். தட்டையாக மேசையில் வைத்து ஒட்டிய லேஸ், உடம்பின் வளைவில் ஏறியதும் கொப்பளிக்கும்.

அதற்கும் பிறகு கல். எஸ்எஸ் என்பது கல்லின் அளவு எண், எஸ்எஸ்16 என்றால் 4 மி.மீ அளவு, எஸ்எஸ்20 என்றால் 4.7 மி.மீ அளவு. நெட்டில் பசை போட்டால் கண்ணிக்குள் ஊடுருவிப் பின்பக்கம் வரும். பின்னால் பேக்கிங் பேப்பர் வைக்காவிட்டால் கவுன் பொம்மையோடு ஒட்டிக்கொள்ளும், தோலிலும் உறுத்தும். எடை தாங்கும் இடங்களில் தைக்கும் ரகக் கல்தான் நிற்கும். ஆரி ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி, பிரான்ஸின் லூனவில் வேலையும் அதே கொக்கி ஊசி நுட்பம்தான். இன்னொன்று, ஸ்வரோவ்ஸ்கி 2021-ஓடு உதிரிக்கல்லைப் பொதுச் சந்தைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பழைய வீடியோ பார்த்துப் பட்டியல் போட்டால் பொருள் கிடைக்காது. செக் நாட்டின் ப்ரிசியோசா கல் அந்த இடத்துக்குச் சரியாக வரும்.

துணி வெட்டுவதற்குமுன் காடாத் துணியில் மாதிரி தைத்து, அதிலும் எலும்பும் ரிப்பனும் போட்டு, கீழே பாவாடைக்குச் சமமான எடையைக் கட்டிப் பாருங்கள். கையைத் தலைக்குமேல் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பார்க்க வேண்டும். கை தூக்கும்போது மேல்விளிம்பு 1 செ.மீக்கு மேல் கீழே இறங்கினால் ரிப்பன் தளர்வு என்று அர்த்தம், மேலே இறுக்கிப் பயனில்லை.

கல்லாப்பெட்டி

வெள்ளைத்துணி சொன்ன காலவரிசை சரி. ஆனால் டிவியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1984-ல் தொடங்கிய கலியா லஹாவ் நிறுவனமும் டெல் அவிவ்தான். இன்பால் டிரோரும் இஸ்ரேலியர்தான். 2016 கிராமி இசை விருது விழாவில் பாடகி பியான்சே உடுத்தியது இன்பால் டிரோர் கவுன். திருமண உறுதிமொழியைப் புதுப்பித்தபோது பியான்சே உடுத்தி 2018-ல் வெளியே தெரிந்தது கலியா லஹாவ் கவுன். அவர்கள் வழி, பெரிய பெயர் ஒன்று ஒருமுறை உடுத்தி உலகம் பார்ப்பது. டோர்னாய்க்கு நடந்தது வேறு. வாராவாரம் சாதாரணப் பெண்கள், பட்ஜெட் சொல்லி, அம்மாவோடு சண்டை போட்டு, அவர் கவுனைப் போட்டுப் பார்ப்பது. கடைக்குள் நுழையும் பெண்ணுக்கு விலையும் தெரியும், உடம்பு எவ்வளவு தெரியும் என்பதும் தெரியும். விற்பனையில் மிகக் கடினமான அரைமணி நேரப் பேச்சை டிவி முன்கூட்டியே முடித்துக்கொடுத்துவிட்டது. நடிப்புப் படித்தவர் என்பது அங்கே கைகொடுத்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கணக்கு. மணப்பெண் கடைகள் டிசைனரிடம் வாங்கும் மொத்த விற்பனை விலையைப் பொதுவாக 2 முதல் 2.5 மடங்காக்கி விற்கும். 8,000 டாலர் கவுன் என்றால் டிசைனர் பில் போடுவது 3,200 முதல் 4,000 வரை. அதற்குள் துணி, லேஸ், கல், கைவேலைக் கூலி, பட்டறை வாடகை, விமானச் சரக்கு. இதில் கூலிதான் கையைக் கடிக்கும். உடம்பு தெரியும் கோர்செட்டில் மெஷின் வேலை குறைவு, கைவேலை அதிகம். அமெரிக்க-இஸ்ரேல் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1985-ல் வந்தது. பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இஸ்ரேலிலேயே சேர்ந்திருந்தால் சுங்கவரி இல்லாமல் இருந்தது. இஸ்ரேலிலேயே கையால் தைத்து அனுப்புகிறவருக்கு இது பெரிய விஷயமாக இருந்தது. இது 2025-ல் வந்த கூடுதல் வரிகளுக்கு முந்தைய நிலை, ப்ராஜெக்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஆல்டரேஷன் கூலி தனி. அது கடைக்குப் போகும், டிசைனருக்கு அதில் பைசா கிடையாது.

மாதிரி கவுனைக் கடை விலைகொடுத்து வாங்கும். புது டிசைனர்களுக்கு முதல் வரவு அதுதான். ட்ரங்க் ஷோ என்பது வேறு: டிசைனர் தன் முழு கலெக்ஷனையும் இரண்டு மூன்று நாளுக்குக் கடைக்குக் கொண்டுவருவார், ஷோ முடிந்ததும் திரும்ப எடுத்துப்போவார். கடைக்கு முதலீடு இல்லை, மணப்பெண்ணுக்குச் சிறு தள்ளுபடி, டிசைனருக்கு மூன்று நாளில் குவியும் ஆர்டர். குவிவதில்தான் சிக்கலும். மாதத்துக்கு 30 கவுன் முடிக்கும் பட்டறைக்கு ஒரே வாரத்தில் 60 ஆர்டர் வந்தால் கல்யாணத் தேதி காத்திருக்காது. அதனால்தான் ஆர்டர் எடுக்கும்போதே 5 முதல் 8 மாதம் கேட்கிறார்கள்.

நூல்கண்டு

ரொம்ப நன்றி, ப்ராஜெக்டே தலைகீழா மாறிடுச்சு. இன்னும் ரெண்டு: கறுத்த நிறத்துப் பெண்ணுக்கு 'நியூட்' நெட்டுன்னு எதைப் போடுவாங்க? அப்புறம் இந்தக் கோர்செட்டை ஆல்டர் பண்ண முடியுமா?

ஊசிமுனை

நெட்டைக் கடையில் மடித்த நிலையில் பார்த்து எடுக்காதீர்கள். மடிப்பில் நாலு அடுக்கு சேர்ந்து ஒரு நிறம் காட்டும், தோல்மேல் ஒற்றை அடுக்கு வேறு நிறம் காட்டும். தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு ஃபிளாஷ் போட்டு ஒரு படம். சந்தேகம் வந்தால் ஒரு படி கருமையானதை எடுங்கள். வெளுத்த நெட் கறுத்த தோலில் சாம்பல் பூசியதுபோல் நிற்கும், கருமையான நெட் நிழலோடு கரைந்துவிடும். சரியான நிறம் கிடைக்காவிட்டால் நைலான் நெட்டை ஆசிட் டை என்ற சாயத்தில் முக்கலாம், சூடு படிப்படியாக ஏற வேண்டும். பாலியஸ்டர் நெட் அந்தச் சாயத்தைப் பிடிக்காது.

ஆல்டரேஷன்: குறைக்கலாம், பெரிதாக்குவது கிட்டத்தட்ட முடியாது. வழக்கமான கவுனில் உள்ளே ஒளித்துவைக்கும் மார்ஜினை இதில் ஒளிக்க இடமே இல்லை. அதனால் ஆர்டர் போடும்போது மார்பு, இடுப்பு, பிட்டச் சுற்று மூன்றில் எது பெரிய சைஸில் விழுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். குறைப்பதையும் முதுகுத் திறப்பிலேயே செய்யுங்கள். பக்கத் தையலைத் தொட்டால் எலும்பு இடம் மாறும், இடது வலது சமன் போய்விடும். முதுகில் மொத்தம் 4 செ.மீ வரை எடுக்கலாம். அதற்குமேல் எடுத்தால் பக்கத் தையல் பின்னால் இழுபட்டுக் கண்ணுக்குத் தெரியும், அந்த நிலையில் லேஸைப் பிரித்துத் துண்டுகளை மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

வெள்ளைத்துணி

ஒன்று விட்டுப்போனது. ஆர்த்தடாக்ஸ் யூத மணப்பெண்கள் கழுத்தெலும்பும் முழங்கையும் மூடியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இந்தக் கோர்செட் கவுனுக்கு அடியில் லைனிங் வைத்து, மேலே கையும் கழுத்தும் சேர்த்துக் கேட்டு வருபவர்களும் உண்டு. அதைத் தைத்து முடித்தபின் ஆல்டரேஷனில் செய்யாதீர்கள். கை சேர்ந்ததும் அக்குள் வளைவு மாறும், கை தூக்கும்போது கோர்செட் மொத்தமும் மேலே இழுபடும். காடா மாதிரியிலேயே கையை வைத்து, அக்குளில் ஒரு குஸட் (கை அசைய இடம்விடும் சிறு துணித்துண்டு) கொடுத்துத் தொடங்க வேண்டும்.